மூன்றாம் வகுப்புக் குரல்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். டென்னிஸ் கோர்ட்டில் இறங்கிவிட்டால் அது மூக்கு நுனியிலும் நிற்காது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். என்னை நல்லவன் என்று எண்ணிக்கொண்டு வாசிக்கத் தொடங்கி யாரும் பிறகு ஏமாற வேண்டாம்.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நான் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டாவது கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு, அரசாங்க உத்தியோகம் கைக்கு எட்டாமல் மலையேறி வந்தவன். படித்தவற்றில் தட்டெழுத்தும் டென்னிசும் மட்டும்தான் அங்கே எனக்கு உதவின. துரைமாருக்குத் தனிக் கிளப் இருந்தது. அலுவலகக் கிளாக்கர்கள், தேயிலை காய வைத்து அரைக்கும் டீமேக்கர், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஆகிய எங்களுக்கு ஸ்டாஃப் கிளப் என்று தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். உள்ளே ஒரு கரம் பலகை, நாலு நாள் பழைய பத்திரிகை. வெளியே மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு மண் கோர்ட்.

எங்களுடையதையும் சேர்த்து ஐந்து தோட்டங்களின் ஸ்டாஃப் கிளப்புகளும் பதுளை நகரத்து உத்தியோகத்தர் கிளப்பும் சேர்ந்து வருடா வருடம் ஒரு போட்டி நடத்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம். நகரத்துக்காரர்களிடம் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்கள், ஆஸ்பத்திரி டாக்டர்கள், நில அளவையாளர்கள் என்று நன்றாக ஆடக்கூடியவர்கள் நிறைந்திருந்தார்கள். எல்லா வருடமும் அவர்களே வென்றார்கள். தோட்டத்துக் கிளப்புகளுக்கு வெறுத்துப்போனது. அதற்காகத்தான் வகுப்பு முறையைக் கொண்டுவந்தார்கள்.

முறை மிகவும் எளிது. பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு ஆட்டக்காரனையும் ரயில் பெட்டியைப் போல முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று பிரித்து எழுதிவிடுவார்கள். ஓர் அணியில் மூன்று ஜோடிகள். ஜோடி சேர்கிற இருவரின் வகுப்பையும் கூட்டினால் நாலுக்குக் குறையக்கூடாது. இரண்டாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேரலாம். முதலாம் வகுப்புக்காரன் ஆட வேண்டுமானால் அவனுக்கு மூன்றாம் வகுப்புக்காரன்தான் ஜோடி. நல்லவனுக்குப் பக்கத்தில் ஒரு நோஞ்சானை நிறுத்திச் சமப்படுத்துகிற தந்திரம் இது. சட்டம் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எங்கள் கிளப் மனிதர்களை அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் கிளப்பில் முதலாம் வகுப்பு நான் ஒருவன். மூன்றாம் வகுப்புக்கு ஆளே இல்லை. பந்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாதவர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் தன் பெயருக்கு எதிரே மூன்று என்று எழுத எந்த உத்தியோகத்தன் சம்மதிப்பான்? டிஸ்பென்சருக்கு அறுபது வயது, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அவர்கூட "என்னை ரெண்டிலை போடாட்டி நான் இந்தப் பக்கமே வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார். ஜோடி இல்லாமல் நான் வெளியே நிற்க வேண்டிய நிலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஒரு ராக்கெட்டைத் தூணில் அடித்து முறித்தேன்.

அப்போதுதான் கணக்கப்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தது. கணக்கப்பிள்ளை என்றால் தோட்டத்தில் தொழிலாளரை மேய்க்கிற கீழ்மட்டப் பதவி. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களை மலைக்கு அனுப்புவது அவருடைய வேலை. இந்த மனிதர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனும் தாயும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர், மெலிந்தவர், யாரைக் கண்டாலும் தோளில் கிடக்கும் துண்டை இறக்கிவிடுகிறவர். எங்கள் கோர்ட்டுக்கு உருளை இழுக்க ஆட்களைக் கூட்டி வருவார். வேலை முடிந்ததும் யாராவது கூப்பிட்டால் நாலு பந்து தட்டுவார். கணக்கப்பிள்ளைமார் ஸ்டாஃப் கிளப்பில் அங்கத்தவராக முடியாது. ஆனால் எனக்கு ஒரு மூன்றாம் வகுப்பு வேண்டியிருந்தது.

கூட்டம் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவரை "ஆட்ட அங்கத்தவர்" என்று சேர்ப்பது. ஆட்ட நாளில் மட்டும் வரலாம், தேநீரை வெளியே நின்று குடிக்கலாம். ஒரு பருவத்தின் ஐந்து ஆட்டத்தையும் ஒன்றும் தவறாமல், கடைசிப் பந்து வரைக்கும் கோர்ட்டில் நின்று ஆடி முடித்தால் முழு அங்கத்தவராக ஏற்றுக்கொள்வார்கள். நடக்காது என்று நினைத்துத்தான் அப்படி எழுதினார்கள் என்பது என் எண்ணம். கணக்கப்பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிளப் அங்கத்தவர்களின் பிள்ளைகளைப் பதுளைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிப்போக ஒரு மோட்டார் வான் ஓடியது. அவருக்கு ஒரே மகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு எல்லாம் முடிந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் அந்த வானில் ஓர் இடம் வேண்டும். பஸ் ஓடும் பாதைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஐந்து மைல். தோட்டத்து ஆட்களிடமிருந்து பறித்துவிட்ட பிரஜாவுரிமைக்கும் அவர் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. அந்தக் கடதாசி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. வான் மட்டும் ஒவ்வொரு காலையும் அவர் பெரட்டு எடுக்கும் களத்தைத் தாண்டித்தான் போகும்.

நான் அவரை எப்படி நடத்தினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் தவறவிடுகிற ஒவ்வொரு பந்துக்கும் கத்தினேன். "கண் இருக்கோ காணும் உமக்கு?" என்பேன். "மன்னிச்சுக்கங்க ஐயா" என்பார். அவர் நன்றாக அடித்தாலும் அது நான் அடித்திருக்க வேண்டிய பந்து என்று கத்தினேன். போதாததற்கு அவரைப் போலப் பேசிக் காட்டுவதில் எனக்கு ஒரு பெயர். அவர் எதற்கும் கடைசியில் "ங்க" போட்டுப் பேசுவார். நான் அந்தச் சொல்லின் நடுவை இழுத்து, கடைசியில் குரலை உடைத்து ஒரு கீச்சலாக முடிப்பேன். கிளப்பில் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஒரு தரம் நான் அப்படிச் செய்துகொண்டிருக்கும்போது அவர் யன்னலுக்கு வெளியே தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவரும் சிரித்தார்.

நாலு ஆட்டங்கள் முடிந்தன. மழையானாலும் காய்ச்சலானாலும் அவர் வந்தார். நாங்கள் நாலில் மூன்றை வென்றிருந்தோம். ஐந்தாவது ஆட்டம் பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில்.

அந்தக் கோர்ட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. மலையின் விளிம்பிலே வெட்டியிருந்தார்கள். ஒரு முனையில் மண் சுவர். மறு முனையில் கம்பி வலை ஓரிடத்தில் அறுந்து கிடந்தது, அதற்கு அப்பால் செங்குத்தாகத் தேயிலைச் செடிகள். கீழே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிதான். "நாலு மணிக்கு மிஸ்ட் ஏறிரும்ங்க, தெனமும் அப்படித்தான்" என்றார் அந்தத் தோட்டத்து டீமேக்கர். எங்களுக்கு எதிராக ஆடுகிற முதலாம் வகுப்பு அவர்தான், பருத்த, நல்ல மனிதர். அவருக்கு ஜோடி கண்ணாடி போட்ட ஒரு ஸ்டோர்கீப்பர்.

பனி வந்தால் ஆட்டத்தை நிறுத்தினால் அங்கே எந்த ஆட்டமும் முடியாது. அதனால் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது, போட்டிக் குழுவும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. பந்து போடுகிறவன் ஒவ்வொரு தரமும் "எல்லாரும்?" என்று கேட்க வேண்டும். அவனுடைய ஜோடி முதலில், பிறகு எதிர்ப்பக்கத்து இருவர், ஒவ்வொருவராக "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று பதிலும் வந்த பிறகுதான் பந்து போடலாம். மூன்று தரம் கேட்டும் ஒருவன் பதில் சொல்லாவிட்டால் அவன் கோர்ட்டை விட்டுப் போனதாக அர்த்தம், அந்த ஜோடி தோற்றது. பெரட்டில் பெயர் கூப்பிடுகிற முறையைத்தான் டென்னிசுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நான் கேலி செய்தேன். கணக்கப்பிள்ளை மட்டும் முகம் மலர்ந்து, "இது நமக்குப் பழக்கமானதுதாங்க" என்றார்.

முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது செட்டின் நடுவில் பனி கோர்ட்டுக்குள் வந்தது. முதலில் மறுமுனைக் கம்பி போனது, பிறகு எதிராளிகளின் கால்கள், பிறகு அவர்கள். வலை மட்டும் சிறிது நேரம் தெரிந்தது. பந்து திடீரென்று வெள்ளைக்குள்ளிருந்து முகத்துக்கு நேரே பிறந்து வந்தது. அடித்த சத்தம் ஒரு பக்கம், பந்து வேறு பக்கம். பேச்சுக் குரல்கள் அதைவிட மோசம். எதிரே நிற்கிற ஸ்டோர்கீப்பர் "இருக்கேன்" என்றால் என் முதுகுக்குப் பின்னே கேட்டது. நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கிளப் வராந்தாவில் இருந்தவர்களின் பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. அவர்கள் உள்ளே போய்விட்டார்களா, அங்கேயே வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. செடிகளிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் எல்லாப் பக்கமும் கேட்டது.

அந்த செட் அவர்களுக்கு. மூன்றாவதில் ஐந்துக்கு நாலு என்று நாங்கள் முன்னே. பக்கம் மாறினோம். இப்போது அறுந்த கம்பிப் பக்கம் எங்களுக்கு. அடுத்தது நான் பந்து போட வேண்டிய கேம், அதை வென்றால் ஆட்டம் முடிந்தது. நான் போடுகிற கேமில் கணக்கப்பிள்ளை ஒரு பந்தையும் எடுக்கவேண்டிய கட்டாயமில்லை. அவர் குறுக்கே வராமல் இருந்தாலே போதும் என்று எனக்குத் தோன்றியது.

"கிளாக்கர் ஐயா, நான் எங்க நிக்கணும்?"

"வலையடியில நில்லும். பந்தைத் தொடாதேயும். வாயைத் திறந்து வேற ஒண்டும் கதைக்கவும் வேண்டாம். நான் கேக்கிறதுக்குப் பதில் மட்டும் சொல்லும்."

"சரிங்க."

அந்த நேரத்தில்தான் மூன்று பந்தில் ஒன்று குறைவதைக் கண்டேன். முந்திய கேமில் அது கம்பி இடைவெளியால் வெளியே போயிருந்தது. "முதல்ல போய் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு வாரும்" என்றேன். அவர் போகிற காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு எட்டில் அவர் உருவம் இல்லை.

திரும்பி வந்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் நான் பார்க்க நினைக்கவே இல்லை. கையில் இரண்டு பந்து இருந்தது, அது போதும். எதிராளிகள் களைத்திருந்தார்கள், அவர்கள் மூச்சு வாங்குகிறது கேட்டது. அவர்களுக்கு ஓய்வு கொடுக்கக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான் என் மண்டைக்குள். "எல்லாரும்?" என்று கத்தினேன்.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு "இருக்கேனுங்க" என்று கேட்டது. டீமேக்கர் சொன்னார். ஸ்டோர்கீப்பர் சொன்னார். நான் பந்து போட்டேன்.

அந்த ஒரு கேம் முடிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. டியூஸ் ஆகும், ஒரு புள்ளி எங்களுக்கு வரும், மறுபடியும் டியூஸ் ஆகும். அவர்கள் பந்தை உயரத் தூக்கிப் போட்டார்கள். வெள்ளைக்குள் போன பந்து எங்கே இறங்கும் என்று காதால் தேடி ஓடினேன். கோர்ட் முழுவதும் நான் ஒருவனே ஓடினேன். ஒரு தரமும் கணக்கப்பிள்ளை என் குறுக்கே வரவில்லை, அவரோடு மோதவில்லை. மனிதன் கடைசியாகச் சொன்ன சொல் கேட்கிறான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் நான் கேட்டேன். ஒவ்வொரு தரமும் "இருக்கேனுங்க" என்று உடனே வந்தது. அது மிகவும் கிட்டத்தில் கேட்டது. என் காதோடு சேர்ந்து நின்று சொல்வது போல இருந்தது. ஒரு தரம் எரிச்சலில் "கொஞ்சம் தள்ளி நில்லும்!" என்றேன். அதற்குப் பதில் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து டீமேக்கர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "என்னங்க, ஒங்க ஆளு ஒங்க தோள்ல ஏறி ஒக்காந்திருக்காரா? ரெண்டு கொரலும் ஒரே எடத்துலேருந்து வருதே!"

கையிலிருந்த பந்தை இரண்டு தரம் மண்ணில் தட்டினேன். "பனிக்குள்ள அப்பிடித்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, "எல்லாரும்?" என்றேன்.

"இருக்கேனுங்க."

கடைசிப் பந்தை ஸ்டோர்கீப்பர் வலையில் அடித்தார். ஆட்டம் முடிந்தது. நான் ராக்கெட்டை மேலே வீசிக் கத்தினேன். எதிராளிகள் இருவரும் வலைக்கு வந்து கை நீட்டினார்கள். அவர்களின் தலைமயிரெல்லாம் நீர்த்துளி. இரண்டு கையையும் குலுக்கினேன். டீமேக்கர் இன்னும் கையை நீட்டிக்கொண்டு என் பின்னால் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளை!" என்றேன்.

பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. மூன்றாம் தரம் கூப்பிடும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. டீமேக்கர் வராந்தாவுக்குப் போய் லாந்தரும் நாலு ஆட்களும் கொண்டுவந்தார்.

அறுந்த கம்பிக்குக் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைநீர் ஓட வெட்டிய கானில் அவர் கிடந்தார். ஒரு கால் இடுப்புக்கு அடியில் மடங்கியிருந்தது. கையில் பந்து. கண் திறந்திருந்தது. நாங்கள் இறங்கி வருவதைப் பார்த்தார், பார்வை என் முகத்தில் வந்து நின்றது. கொழுந்து ஏற்றும் லொறியில் வைக்கோல் போட்டு அவரைப் பண்டாரவளைக்கும் அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். லொறி குலுங்கும்போதெல்லாம் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை பார்க்கப் போனேன். தொடை எலும்பு முறிவு, விலா எலும்பு இரண்டு. காலில் பாரம் கட்டித் தூக்கியிருந்தார்கள். நான் வாங்கிப் போன தோடம்பழங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"நோகுதோ?"

"இப்ப பரவாயில்லீங்க."

"ஏன் காணும் கத்தேல்ல? விழுந்த உடன ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பமே."

"மூச்சு வரலீங்க. நெஞ்சுல கல்லு அடிச்சிருச்சு. வாயத் தெறந்தா வெறும் காத்துதான் வருது."

"பிறகு மூச்சு வந்ததுதானே. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீர்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். அதற்கு முன் அவர் என்னை அப்படிப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. "நான் ஒரு தடவகூட சொல்லலீங்க ஐயா."

"நாங்கள் மூண்டு பேரும் கேட்டம்."

"நானும் கேட்டேனுங்க. கீழ கெடந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். நீங்க 'எல்லாரும்?'னு கேக்குறீங்க. ஒடனே நீங்களே என்ன மாதிரி 'இருக்கேனுங்க'ங்கிறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. "பொய் சொல்லாதேயும்!" என்று கத்தினேன். வார்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை.

"இருவது வருசமா பெரட்டுல பேரு கூப்பிடுறவன் ஐயா நான். ஒருத்தன் வராட்டி, அவனுக்கு அன்னிக்குப் பேரு விழுந்து சம்பளம் கெடைக்கணும்னு பக்கத்துல நிக்கிறவன் கொரல மாத்திப் பதில் குடுப்பான். எந்த வாயிலேருந்து யாரு கொரல் வருதுன்னு எனக்குத் தெரியும்ங்க. இருட்டுல கேட்டாலும் தெரியும்." சிறிது நேரம் மூச்செடுத்துவிட்டுச் சொன்னார். "மொதத் தடவ கேட்டப்போ ஐயா வெளையாட்டுக்குச் செய்யிறாருன்னு நெனச்சேன். மூணாவது தடவதான் புரிஞ்சிச்சு. ஆளு அங்க இருக்குன்னு பதில் போயிருச்சில்ல? அப்புறம் எதுக்குங்க யாரும் தேடப் போறாங்க?"

நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். நினைவைத் தோண்டிப் பார்த்தேன். என் வாய் அசைந்த ஞாபகம் எதுவும் இல்லை. அந்தக் குரல் என் காதோடு கேட்டது ஞாபகம் இருந்தது. டீமேக்கர் சொன்னது ஞாபகம் இருந்தது. அன்றைக்கு லொறியில் வரும்போது தொண்டை கட்டிப்போயிருந்ததும் ஞாபகம் வந்தது. வெல்ல வேண்டும் என்ற வெறியில் ஒருவனுக்குத் தெரியாமல் அவனுக்குள்ளிருந்து இன்னொருவன் பேசுவானா? பேசியிருக்கிறான். எனக்கு என் தொண்டையைத் தொடவே பயமாக இருந்தது. அன்றிலிருந்து பல நாள் நான் தனியாக இருக்கும்போது வாய் திறந்து ஒரு சொல் பேசியதில்லை.

"விசாரிக்கப் போறாங்களாமே" என்றார் அவர். ஆம், எதிர்த்தரப்புக் கிளப் மனுப் போட்டிருந்தது. கடைசிக் கேமில் ஆள் கோர்ட்டில் இல்லை, ஆட்டம் செல்லாது என்று. செல்லாது என்று தீர்ந்தால் அவர் ஐந்தாவது ஆட்டத்தை ஆடி முடிக்கவில்லை. முழு அங்கத்துவம் இல்லை.

"நான் உண்மையைச் சொல்லிப்போடுறன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொல்ல நினைத்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "வேணாங்க ஐயா! நான் அங்கதான் இருந்தேன், நான்தான் பதில் சொன்னேன்னு சொல்லுங்க. புள்ள சட்டை தச்சு வச்சிருக்கா. வானு போறப்பெல்லாம் வாசல்ல வந்து நிக்கிறா."

விசாரணை பதுளை நகரத்துக் கிளப்பில், ஏறக்குறைய மூன்று மாதத்துக்குப் பிறகு நடந்தது. அவர் எழுந்து வரும்வரை வைத்திருந்தார்கள். இரண்டு கக்கத்திலும் கட்டைகளோடு வந்தார். நீளமான மேசைக்குப் பின்னால் போட்டிச் செயலாளரும் இரண்டு பேரும். பிற்பகல் வெயில் யன்னலால் உள்ளே விழுந்திருந்தது. எனக்கு மட்டும் குளிர்ந்தது.

முதலில் என்னைக் கேட்டார்கள். அவர் கோர்ட்டில் நின்றாரா என்றார்கள். பனியில் கண் தெரியவில்லை, ஒவ்வொரு பந்துக்கும் அவருடைய பதில் கேட்டது என்றேன். கடைசிப் பந்துக்கும் கேட்டதா என்றார்கள். கேட்டது என்றேன். ஆட்டம் முடிந்த பிறகு பந்து தேடப் போய் விழுந்திருக்கலாம் என்று நானே சேர்த்துச் சொன்னேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. ஏமாற்றியவனும் ஏமாற்றப்பட்டவனும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தால் யார்தான் பிடிப்பார்கள்?

அடுத்து டீமேக்கர் எழுந்தார். நேர்மையான மனிதர். "பதில் கேட்டுச்சுங்க, அது நெசம். ஆனா ரெண்டு கொரலும் ஒரே எடத்துலேருந்து வந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் மனசுல இருக்குது" என்றார்.

மேசைக்குப் பின்னால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "அண்டைக்கு எப்பிடிச் சொன்னீரோ, அப்பிடியே ஒருக்கால் சொல்லும் பாப்பம்" என்றார். பிறகு டீமேக்கரிடம், "நீர் வடிவாய்க் கேளும்" என்றார்.

கணக்கப்பிள்ளை கட்டைகளைச் சரிசெய்து நிமிர்ந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இருக்கேனுங்க."

நடுவை இழுத்தார். கடைசியில் குரலை உடைத்து ஒரு கீச்சலாக முடித்தார். அந்த மனிதர் பிறந்த நாளிலிருந்து ஒரு தரமும் அப்படிப் பேசியதில்லை. எங்கள் கிளப்பில் எல்லாரையும் சிரிக்க வைக்க நான் செய்கிற குரல் அது. இழுப்பும் உடைப்பும் அப்படியே, ஒரு மயிரிழை பிசகவில்லை. யன்னலுக்கு வெளியே நின்று அவர் எத்தனை தரம் அதைக் கேட்டிருப்பார் என்று நான் அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"ஆமாங்க" என்றார் டீமேக்கர். "இதே கொரல்தான். சத்தியமா இதே கொரல்தான்."

மனு தள்ளுபடியானது. அங்கத்துவம் அவருக்குக் கிடைத்தது. எங்கள் கிளப் செயலாளர் அங்கேயே அவர் கையைக் குலுக்கி, மகளை வருகிற திங்கட்கிழமை வானுக்கு அனுப்பலாம் என்றார். அவர் கட்டைகளைத் தட்டித் தட்டி என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றார். அதில் இழுப்பும் இல்லை, கீச்சலும் இல்லை, தாழ்ந்த, சற்றுக் கரகரத்த குரல். இதுதான் அவருடைய குரலா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஒரு பருவம் முழுவதும் பக்கத்தில் நின்று ஆடியும் நான் அதைக் கேட்டதே இல்லை.